செப்புப் பாய்லரும் டோரீனின் கொழுந்தும்

அத்தியாயம் 14

கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருக்கமாட்டாள் டோரீன். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோதுமை மா பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், வீட்டில் நடக்கிற காரியம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் விட்டுவிட்டுப் படிக்கிறவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் தேயிலை பெக்டரியை மூடி ஏழு மாதம் ஆகிறது. இருபத்தெட்டு வருடம் அங்கே மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த இக்னேசியஸுக்கு வேலை போனது. பெண்டாட்டி டோரீன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தாள். அதைத் தடுக்க மகள் ஜெரோமி கண்டுபிடித்த வழிதான் தைலம்.

மலை நிறைய யூக்கலிப்டஸ் நிற்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதை டர்பன்டைன் மரம் என்பார்கள். அதன் இலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்கினால், ஹட்டன் பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் லெட்சுமணன் முதலாளி வாரா வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

டோரீன் சொன்னது இன்னும் சுருக்கம். காலியான இருமல் மருந்துப் போத்தல் ஒன்றை அலசி மகள் கையில் கொடுத்தாள். "ஏஜென்சி வேன் வர்றதுக்குள்ள இது நெறைய எண்ணெய் இருந்தா நான் போகல. இல்லாட்டி போறேன். அப்புறம் யாரும் கண்ணக் கசக்கக் கூடாது."

வேன் இன்றைக்கு மூன்று மணிக்கு. நாளைக் காலை கொழும்பில் மெடிக்கல் பரிசோதனை. டோரீனின் பெட்டி கட்டி வைத்தாயிற்று. பாஸ்போர்ட் அதன் மேல் பையில் இருக்கிறது.

போத்தல் இன்னும் காலி.

ஆனால் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் முற்றத்தில் நின்றதே, அதைப் பார்க்க வேண்டும்! மூன்று கல் அடுப்பின்மேல் செப்புப் பாய்லர். பெரிய துரை பங்களாவில் எழுபது வருடம் வெந்நீர் காய்ச்சியது. கரண்டு கீசர் வந்ததும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பழைய சாமான் ஏலத்தில் இக்னேசியஸ் அதை எடுத்து, புளியும் உப்பும் போட்டு மூன்று நாள் தேய்த்ததில் உள்ளே இருந்த செம்பு புது மணப்பெண் மாதிரி வெளியே வந்தது.

அதற்கு மூடி, அதே பங்களாக் குசினியில் ஜாம் காய்ச்சிய செப்புச் சட்டி, குப்புறக் கவிழ்த்தது. சட்டியின் முதுகில் துளை போட்டு ஒரு குழாய். அந்தக் குழாய் ஹட்டன் பழைய இரும்புக்கடையில் கிடைத்தது; ஏதோ பால் நிலையத்தில் கழற்றிப் போட்ட குளிர்பெட்டிக்குள் இருந்ததாம். குழாய்க்குள் மணலை நிரப்பி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் சுற்றி வளைத்தார்கள். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். எட்டுச் சுற்று! ஒரு சுற்றுக்கூட நசுங்கவில்லை. அந்தச் சுருளை நீல பிளாஸ்டிக் பெரலுக்குள் இறக்கி, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து ஹோஸ் போட்டு, ஐஸ் மாதிரி தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி சுருளுக்குள் குளிர்ந்து, கீழ்முனையில் சொட்டும்.

இலை தண்ணீருக்குள் விழாமல் இருக்க நடுவில் ஒரு துளைத் தட்டு வேண்டுமே? பெக்டரியில் தேயிலை காயவைக்கும் தட்டு ஒன்றை வெட்டி வட்டமாக்கிப் போட்டார் இக்னேசியஸ். "பெக்டரிய மூடுனாலும் தட்டுக்கு வேல போகல பாத்தியா" என்று அவர் சொன்னபோது சிரித்தது அவர் மட்டும்தான்.

குழாய்க்குப் பற்று வைக்க ஈயக் கம்பி தீர்ந்துபோய், வெள்ளிக்கிழமை ஜெரோமிதான் ஹட்டனுக்கு ஓடினாள். காலையில் போனவள் கடைசி பஸ்ஸில்தான் திரும்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, கடையில் கூட்டம் என்றாள்.

"மா போதுமாடி?" டோரீன் இஸ்தோப்பிலிருந்து கேட்டாள்.

"இன்னும் இறுக்கமா பெசைங்கம்மா. ரொட்டிக்கு இல்ல, பாய்லருக்கு!"

மூடியும் பாய்லரும் சேரும் வாயைச் சுற்றிக் கோதுமை மாவைத் திரித்து ஒட்டினால் சூட்டில் வெந்து கல்லாகிவிடும், ஆவி தப்பாது. அதற்கு முன்னால் இலை. நேற்றுச் சாயந்திரம் டோரீன் மரத்தடிக் கிளைகளில் பறித்து வந்த இரண்டு சாக்கு இலையைத் தட்டின்மேல் கொட்டினார் இக்னேசியஸ். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"தங்கம்டி டோரீன். ஒரு குச்சி இல்ல. ஒன்ன மாதிரி பறிக்க ஆளே இல்ல."

டோரீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்த கை அல்லவா?

அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் படி ஏறி வந்தார் அடுத்த லயத்துப் பழனியாண்டி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தவரின் கையில் ஒரு காலிச் சாராயப் போத்தல்.

"இக்னேசியண்ணே, மொதச் சொட்டு எனக்குத்தான். சொல்லிட்டேன்."

"யோவ், இது கசிப்புச் சாராயம் இல்லய்யா! தைலம்!"

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவாங்க. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்."

ஜெரோமி சுவரைக் காட்டினாள். கிராம சேவகர் தந்த கடிதமும், பொலிஸில் போய்ச் சொன்னதற்குக் கிடைத்த துண்டும் பிளாஸ்டிக் உறை போட்டு, அந்தோனியார் படத்துக்குக் கீழே தொங்கின. "படிச்சுப் பாருங்க மாமா. எல போட்டா எண்ணெய் வரும். அம்புட்டுத்தான்."

பழனியாண்டி படித்தார். நம்பவில்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பாதை ஓரமாகப் போய், அங்கே குவிந்து கிடந்த இலைக் குப்பைமேல் சவுகரியமாக உட்கார்ந்தார்.

ஏழே முக்காலுக்குப் பாய்லர் உறுமத் தொடங்கியது. மூடி ஓரத்தில் ஒரு இடத்தில் 'புஸ்' என்று ஆவி சீறியது.

"அம்மா, மா!"

டோரீன் ஒரு உருண்டையை அறைந்தாள். இன்னொரு பக்கம் சீறியது. இக்னேசியஸ் அறைந்தார். மூன்றாவது இடத்தில் ஜெரோமி. மூன்று பேரும் சுற்றிச் சுற்றி ஓடி மா அப்பினார்கள். கை சுட்டது, சிரிப்பு அடங்கவில்லை. ஏழு மாதத்தில் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

எட்டு மணி பத்து நிமிடம். சுருளின் கீழ்முனையில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. கீழே வைத்திருந்த ஜாம் போத்தலுக்குள் விழுந்தது.

"மாதாவே!" என்று கத்திவிட்டாள் ஜெரோமி.

அப்புறம் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒன்பது மணிக்கு ஜாம் போத்தல் பாதி. பத்து மணிக்கு நிறைந்துவிட்டது. ஜெரோமி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய் என்றால் மேலே மிதக்க வேண்டும். கோடு போட்டமாதிரி பிரிந்து நிற்க வேண்டும்.

கலங்கல் தண்ணீர். அவ்வளவுதான். மேலே ஈயின் தலை அளவுக்கு இரண்டு கண் எண்ணெய், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் வுட்டுப் பாப்போம்" என்றார் இக்னேசியஸ்.

பத்தரை வரை விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர்தான் வந்தது.

டோரீன் கையிலிருந்த மாவைச் சுரண்டிக் கழுவினாள். உள்ளே போனாள். பெட்டியை எடுத்து வந்து இஸ்தோப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

இக்னேசியஸுக்கு ஆத்திரம் பொங்கியது. "குழாய்ப் பத்துலதான் ஓட்ட. எண்ணெய் பூரா மேலயே ஆவியாப் போயிருச்சு. குழாயப் பேத்துட்டு மறுபடி வச்சா..." சுத்தியலை எடுத்துவிட்டார்.

"பேத்தா மறுபடி பத்து வைக்க ராத்திரி ஆயிரும்ப்பா!" ஜெரோமி பாய்லருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "வேன் மூணு மணிக்கு!"

"அப்ப என்னாதான் செய்யச் சொல்ற?"

அவளுக்கும் தெரியவில்லை. மாவில் ஓட்டை இல்லை, அவளே சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் குளிர்ச்சி, அடுப்பு நல்ல தீ.

அந்த வேளையில் பாதை ஓரத்திலிருந்து பழனியாண்டி ஒரு பெரிய தும்மல் போட்டார். போட்டுவிட்டு, "ஆகா!" என்றார்.

"என்னா மாமா ஆகா?"

"மூணு நாளா அடைச்ச மூக்கு, இப்பத்தான் தொறந்திருக்கு." உட்கார்ந்திருந்த குப்பையிலிருந்து ஒரு தடித்த பழுப்புப் பச்சை இலையைக் கசக்கி மூக்கில் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாசம்னா இதுல்ல வாசம். ஒங்க பாய்லர்லருந்து ஒண்ணும் வரக் காணோமே!"

ஜெரோமி ஓடினாள். அந்தக் குப்பையில் கையை விட்டாள். எல்லாம் முற்றிய இலை, அரிவாள் போல நீண்டது. ஒன்றைக் கசக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு காரம். திரும்பி ஓடிவந்து சாக்கில் மிஞ்சிக் கிடந்த இலையைக் கசக்கினாள். கத்தரிச் செடி இலைக்குக்கூட இதைவிட வாசம் இருக்கும்.

சாக்கை உதறிப் பார்த்தாள். எல்லாம் இளந்துளிர். ஒவ்வொரு துளிரிலும் இரண்டு இலை, ஒரு மொட்டு.

"அம்மா," என்றாள் மெதுவாக, "பாதையில கெடக்குற முத்தல் எல்லாம் யாரு கொட்டுனது?"

"நாந்தான்." டோரீன் இஸ்தோப்பிலிருந்தே சொன்னாள். "கையோட வந்த முத்தல் எல்லாத்தையும் பொறுக்கிக் கீழ போட்டேன். முத்தல் கலந்தா கொழுந்து நிறுக்குற கண்டாக்கு ஏத்துக்குவாரா? நிறுக்கையில ரெண்டு கிலோ வெட்டிப்புடுவாரு."

ஜெரோமி ஒரு துளிரைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா... இங்க கண்டாக்கு யாரும்மா?"

டோரீன் இறங்கி வந்து அந்தத் துளிரை வாங்கிப் பார்த்தாள்.

"எளசுல தண்ணிதாம்மா இருக்கும். எண்ணெய் பூரா முத்தல்ல இருக்கு!"

பழக்கம் என்பது லேசுப்பட்டதா? இருபத்தாறு வருடம் முற்றலைப் பறித்தால் திட்டு, இளசைப் பறித்தால் பாராட்டு. கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது. அதைவிட வேடிக்கை, இருபத்தெட்டு வருடம் பெக்டரியில் இருந்தவர் அதை அள்ளிப் பார்த்து, தங்கம் என்றார். தைலம் பற்றிப் படித்த மகளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். தேயிலைக் குடும்பம், வேறு எப்படி இருக்கும்?

முதலில் சிரித்தவர் இக்னேசியஸ். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டோரீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அடுத்த நொடி இடுப்பில் செருகினாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மூடியத் தொறங்க! பழனியாண்டிண்ணே, எந்திரிங்க! நீங்க ஒக்காந்திருக்கிறது எங்க எண்ணெய்!"

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. வெந்த துளிரை வாரிக் கொட்டினார்கள். குப்பையை நான்கு பேரும் சாக்கில் அள்ளினார்கள். அது போதாதென்று டோரீன் மேட்டுக்கு ஓடி, தாழ்ந்த கிளைகளில் முற்றிய இலையாகப் பார்த்து உருவினாள். ஒவ்வொரு கைக்கும், "ஐயோ, வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே உருவினாள். இலையைத் திணித்து மிதித்தாள். மாவைச் சுற்றி ஒட்டினாள். இந்தத் தடவை ஒரு இடத்திலும் சீறவில்லை.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மறுபடி முதல் துளி.

யாரும் கத்தவில்லை. நான்கு தலைகள் ஜாம் போத்தலைச் சுற்றிக் குனிந்தன. தண்ணீரின்மேல் ஒரு வட்டம் விரிந்தது. அடுத்த வட்டம் அதோடு போய்ச் சேர்ந்தது. பார்க்கப் பார்க்க, விரல் நகம் கனத்துக்கு ஒரு படலம், மஞ்சள் ஓடிய கண்ணாடி மாதிரி, தண்ணீரிலிருந்து பிரிந்து நின்றது.

வாசம்! அதைச் சொல்லி முடியாது. முற்றம் தாண்டி, லயம் தாண்டி, கோயிலடி வரைக்கும் போனதாக அப்புறம் பேசிக்கொண்டார்கள். கோயிலடி வீரம்மா வீட்டு இருமல் கிழவர் இருமலை நிறுத்திவிட்டு, "யாரு வீட்ல ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்க?" என்று கேட்டாராம்.

ஜெரோமி ஊசி இல்லாத சிரிஞ்சால் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து மருந்துப் போத்தலில் விட்டாள். "அழாதடி, எண்ணெயில தண்ணி கலந்துரும்" என்றாள் டோரீன், தானும் அழுதுகொண்டே.

பெரல் தண்ணீர் சூடேறினால் சொட்டு குறையும். இக்னேசியஸ் ஹோஸைப் பார்த்துக்கொண்டதோடு பீலிக்கும் முற்றத்துக்கும் வாளியோடு ஓடினார். ஐம்பத்து நான்கு வயது மனுஷன் ஓடின ஓட்டம் அது. பழனியாண்டி தன் சாராயப் போத்தலை மறந்து விறகு பிளந்துகொண்டிருந்தார்.

ஒரு மணிக்குப் போத்தல் கால்வாசி. இரண்டு மணிக்குப் பாதிக்கு மேல். இரண்டரைக்குத் தோள் வரை.

இரண்டு நாற்பதுக்கு மேல்பாதையில் வேன் ஹோர்ன் கேட்டது. இருபது நிமிடம் முந்தி!

மூன்று பேரும் போத்தலைப் பார்த்தார்கள். வாய்க்கு இன்னும் ஒரு விரல் குறைவு. நிறைய வேண்டும் என்று சொன்னவள் டோரீன்தான். அவள் சொன்ன சொல்லில் நிற்கிறவள் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

டோரீன் போத்தலை வாங்கினாள். மூடியைத் திருகினாள். கண்ணளவுக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"நெறஞ்சிருச்சு" என்றாள்.

ஜெரோமி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தன் பிள்ளையின் முதுகில் இவ்வளவு எலும்பு இருக்கிறதா என்று அப்போதுதான் டோரீனுக்குத் தெரிந்தது.

"வுடுடி. நானே போய்ச் சொல்லிட்டு வாறேன்." போத்தலை எடுத்துக்கொண்டு மேல்பாதைக்கு ஏறினாள். தேர் பார்க்கப் போகிறமாதிரி மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

வேன் டிரைவர் துஷாந்த் இளைஞன், மரியாதைக்காரன். இறங்கி நின்று கையில் ஒரு தாளை வைத்திருந்தான்.

"தம்பி, நான் டோரீன். நான் வரல. என் பேர வெட்டிருங்க." போத்தலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எங்களுக்கு இங்கயே வேல இருக்கு. மோந்து பாருங்க!"

துஷாந்த் மோந்து பார்த்தான். தாளைப் பார்த்தான். குழப்பமாக நிமிர்ந்தான்.

"அக்கா, உங்க பேர வெள்ளிக்கிழமையே வெட்டியாச்சே?"

"யாரு வெட்டுனது?"

"உங்க மகதான். ஹட்டன் ஆபீசுக்கு வந்து, அம்மாவுக்குப் பதிலா நான் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க பாஸ்போர்ட்டும் குடுத்தாச்சு. இங்க பாருங்க. ஜெரோமி இக்னேசியஸ்."

டோரீன் திரும்பினாள். ஜெரோமி நின்ற இடத்தில் நின்றாள். கையெல்லாம் எண்ணெய்.

"எண்ணெய் வராமப் போயிருந்தா?" என்றாள் ஜெரோமி. "வராமப் போயிருந்தா நீங்க போயிருப்பீங்களேம்மா. அதான்."

இக்னேசியஸ் பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, அதையும் வெட்டுங்க தம்பி" என்றாள் டோரீன்.

"நான் வெட்டி என்னாக்கா பிரயோஜனம்? பாஸ்போர்ட் கொழும்பு ஆபீசுக்குப் போயிருச்சு. நேர்ல போய்க் கேக்கணும். அதுவும் சும்மா குடுக்கமாட்டாங்க. இந்த சீட்டுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் நிப்பாங்க."

"நான் போய் வாங்கிட்டு வாறேன்" என்று ஜெரோமி முன்னால் வந்தாள்.

"நீ போனா ஒன்னையவே ஏத்தி அனுப்பிருவாங்க. நில்லு." டோரீன் ஒரு கணம் யோசித்தாள். "தம்பி, அஞ்சு நிமிசம். மொகத்தக் கழுவிட்டு வாறேன்."

கீழே இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது பூசைக்குக் கட்டும் நீலச்சேலை, கையில் ஒரு சின்னப் பை, மற்றக் கையில் அந்தப் போத்தல். பெட்டியை எடுத்து வரவில்லை என்பதை ஜெரோமி முதலில் கவனித்தாள். உயிர் வந்தது.

"போத்தல வுட்டுட்டுப் போ, டோரீன்" என்றார் இக்னேசியஸ். "லெட்சுமணன் முதலாளிக்குக் காட்டணும்ல?"

"அவருக்கு அடுத்த ஈடு. இது அந்த ஆபீஸ்காரங்க மூக்குல காட்ட." வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போகமாட்டேன் என்று சொல்ல வந்தவள், போகிறவளாக உட்கார்ந்திருந்தாள்.

"வந்துருவீங்கதானேம்மா?"

"நான் வர்றதுக்குள்ள அடுத்த ஈடு எறக்கியிருக்கணும். முத்தலாப் பாத்துப் போடுங்க!"

வேன் வளைவில் மறைந்தது. பழனியாண்டி, "நெருப்பு அணையப் போவுதுண்ணே" என்று சொல்லி இக்னேசியஸைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

ஜெரோமி இஸ்தோப்புக்கு வந்தாள். அம்மாவின் பெட்டி அங்கேயே இருந்தது. உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்று தூக்கினாள். மேல் பையின் ஜிப் திறந்து கிடந்தது.

பைக்குள் கையை விட்டாள். ஒரு ஜெபமாலையும் இரண்டு பனடோல் மாத்திரையும் இருந்தன. அம்மாவின் பாஸ்போர்ட் இல்லை.